என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சாவி

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் சார், மூன்று பேர் சீட்டுதானே. அம்மா ஜன்னல் பக்கம் இருக்கட்டும், நீங்கள் நடுவில் இருங்கள், நான் இந்த ஓரத்தில் ஒண்டிக்கொள்கிறேன். எனக்கு ஓரம்தான் வசதி. சர்க்கரைக்காரன், அவசரத்துக்கு இறங்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் வேண்டுமா அம்மா? வீட்டில் காய்ச்சி ஆறவைத்தது. வேண்டாமா? சரி, இங்கேயே வைக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்துக்குத்தான் போகிறேன். மகளை அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டதாம். குளிர்க்காய்ச்சல், வாந்தி, இடுப்புக்கு மேலே கை வைக்க முடியாத வலி. இது மூன்றாவது தடவை. ஒரு பக்கத்துக் கிட்னி சுருங்குகிற மாதிரி இருக்கிறது, ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இன்றைக்கு ஸ்கேன். அவள் அம்மா ஒரு வாரமாக அங்கேதான் கிடக்கிறாள். என்னால்தான் நகர முடியவில்லை. ஏன் நகர முடியவில்லை என்று கேளுங்கள். நான் இரண்டு நாள் இல்லையென்றால் என்னிடம் வேலை பார்க்கிற பெண்கள் ஆபீசையே தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்கள்.

ஏற்கெனவே கவிழ்த்துவிட்டார்கள். அது வேறு கதை. வேறு கதை என்ன, அதுதான் கதை.

அரசாங்க வேலை சார். கண்காணிப்பாளர். வருகிற ஆவணியோடு ஓய்வு. நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் ஆபீசில் ஹால் நிறைய ஆண்கள். பெண்கள் என்று பார்த்தால் இரண்டு பேர். ஒருவர் டைப்பிஸ்ட். இன்னொருவர் வீட்டுக்காரர் இறந்து, கருணை அடிப்படையில் வந்தவர். இரண்டு பேரும் ஆபீசில் இருக்கிறார்களா என்று தேடித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு அடக்கம். பிறகு பெண்களுக்கு முப்பது சதவீத ஒதுக்கீடு என்றார்கள். அப்புறம் நாற்பது என்றார்கள். போகட்டும், நாற்பதோடு நின்றார்களா? மிச்சத்திலும் மார்க் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இன்றைக்கு எங்கள் ஆபீசில் ஆண் என்று சொல்ல நானும் டிரைவர் பெருமாள்சாமியும்தான். மற்ற நாற்காலி அத்தனையிலும் புடவையும் சுடிதாரும். ஒரு பீரோவை நகர்த்த ஆள் இல்லை சார். அவர்களே சேர்ந்து நகர்த்திவிடுகிறார்கள், அதை விடுங்கள்.

என் மகளும் அரசாங்க வேலைதான். அவள் விஷயம் வேறு. அவள் படித்து வந்தவள்.

ஒரு விஷயத்தில் இவர்களை நான் பாராட்டியிருக்கிறேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். தண்ணீர்ச் செலவு கிடையாது. ஆண்கள் இருந்த காலத்தில் காலையில் வைத்த கேன் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தாங்காது. இவர்கள் வந்த பிறகு திங்கட்கிழமை வைத்த கேனில் வியாழக்கிழமையும் தண்ணீர் கிடக்கும். மாவட்டக் கூட்டத்தில் சிக்கனம் பற்றிப் பேச்சு வந்தபோது நான் எழுந்து இதை உதாரணமாகச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். டீ குடிக்கும்போது என் பழைய சிநேகிதன் பொன்னுரங்கம் வந்து தோளில் கை போட்டான். அவனும் கண்காணிப்பாளர்தான், வேறு ஊரில். "எப்படிய்யா இத்தனை பொம்பளைங்களையும் சீட்ல உக்கார வெக்கிற? என் ஆபீஸ்ல எப்பப் பாத்தாலும் ஒருத்தி எந்திரிச்சுப் போயிட்டிருக்கா" என்றான். அவனுக்குச் சாவி விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

சாவி விஷயம் என்னவென்றால், எங்கள் ஆபீசில் முன்பக்கம், ஹாலை ஒட்டி, ஆண்கள் கழிப்பறை. நாலு அறை, டைல்ஸ், வாஷ்பேசின், கண்ணாடி எல்லாம் உண்டு. அந்தக் காலத்துக் கட்டடம், ஆண்களுக்கென்று கட்டியது. பெண்களுக்குப் பிற்பாடு ஒன்று கட்டினார்கள். பின்பக்கம், சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, காம்பவுண்டுச் சுவரோரம் ஒரே ஒரு அறை. அதைத் திறந்து போட்டால் வெளியாள் புகுந்து அசிங்கம் பண்ணிவிடுவான். அதனால் ஒரு பூட்டு. சாவி என் அறையில், என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஆணியில். தொலைந்துவிடக் கூடாதென்று ஒரு சாண் நீளத்துக்கு மரக்கட்டை கோத்து, அதில் வெள்ளைப் பெயிண்டால் 'பெண்கள்' என்று நானே எழுதினேன். இதையெல்லாம் யார் சார் செய்வார்கள்?

யாருக்குப் போக வேண்டுமோ அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. நிமிர்ந்து ஒரு பார்வை, பிறகு கடிகாரத்தை ஒரு பார்வை. அவ்வளவுதான். ஆள் சீட்டில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது என் கடமை. என் எதிரில் ஒப்பந்தக்காரர்கள் இருப்பார்கள், பஞ்சாயத்து ஆட்கள் இருப்பார்கள், இருக்கட்டுமே. அவர்களுக்கு நடுவில் வந்து கட்டையை எடுத்துக்கொண்டு போவதில் என்ன வந்துவிட்டது? ஆனால் ஒன்று, அப்படி வைத்த பிறகு தேவையில்லாமல் எழுந்து போவது அறவே நின்றுவிட்டது. அதைத்தான் பொன்னுரங்கத்துக்குச் சொன்னேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஜெசிந்தா மாற்றலாகி வரும்வரை.

உதவியாளர். தூத்துக்குடிப் பக்கம். பேச்சில் சார் என்கிற வார்த்தை இருக்கும், மரியாதை இருக்காது. வந்து ஒரு மாதம் ஆகவில்லை, என் மேஜை முன்னால் நிற்கிறாள்.

"சார், ஒரு யோசனை."

"சொல்லும்மா."

"முன்னாடி இருக்கறதுல நாலு ரூம் இருக்கு. போறது நீங்களும் பெருமாள்சாமி அண்ணனும். பின்னாடி இருக்கறது ஒண்ணு. போறது நாங்க இத்தனை பேரும். போர்டை மட்டும் கழட்டி மாத்தி மாட்டிட்டா முடிஞ்சுது. செலவே இல்ல. ஸ்க்ரூ டிரைவர்கூட நான் கொண்டாந்திருக்கேன்."

பையிலிருந்து எடுத்தும் காட்டினாள். பெண் பிள்ளை கைப்பையில் ஸ்க்ரூ டிரைவர். எனக்கு அப்போதே குமட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறையைப் பற்றி ஒரு ஆண் பிள்ளையிடம் வந்து நேருக்கு நேராகப் பேசுகிறாளே, கூச்சம் வேண்டாம்? அந்த இரண்டு பழைய அம்மாக்களும் இருபது வருஷம் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு உறுப்பு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மன்னிக்க வேண்டும், அம்மா பக்கத்தில் இருக்கிறார்கள்.

நான் கோபப்படவில்லை. "எழுதிக் குடுங்கம்மா, பாக்கலாம்" என்றேன். எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, மறுநாளே. நான் அதைக் கோப்பாக்கி, கட்டட வரைபடத்தில் ஆண்கள் பயன்பாட்டுக்கு எனக் குறிக்கப்பட்டுள்ள பகுதியை மகளிர் பயன்பாட்டுக்கு விடலாமா என்பது குறித்துத் தெளிவுரை வேண்டப்படுகிறது என்று மேலே அனுப்பினேன். மேலே வரைபட நகல் கேட்டார்கள். வரைபடம் பொதுப்பணித் துறையில். அவர்கள் கட்டடம் கட்டிய ஆண்டைக் கேட்டார்கள். ஆண்டு வரைபடத்தில்தான் இருக்கிறது. புரிகிறதா சார்? ஒரு காரியத்தை மறுக்கவே வேண்டாம். தெளிவுரை கேட்டால் போதும், அது தானாகப் படுத்துவிடும். என் சர்வீஸில் நான் யாருக்கும் முடியாது என்று சொன்னதே கிடையாது.

ஜெசிந்தா வாரத்துக்கு ஒருமுறை வந்து கேட்பாள். "சார், தெளிஞ்சுதா?"

"வரும்மா. அரசாங்கம்னா கொஞ்சம் பொறுமை வேணும்."

"எனக்குப் பொறுமை இருக்கு சார். மல்லிகேஸ்வரிக்குத்தான் ஏழு மாசம்."

மல்லிகேஸ்வரி என்று ஒரு பெண், இளநிலை உதவியாளர், கர்ப்பிணி. நல்ல பெண்தான். சாவிக்கு வந்தால்கூட அறை காலியாகிறவரைக்கும் வாசலிலேயே நிற்பாள். ஒருநாள் அடை மழை. என் அறையில் ஒப்பந்தக்காரர்கள் நிறைய. அவள் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வேர்த்திருந்தது. "என்னம்மா?" என்று நானே கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல சார்" என்று போய்விட்டாள். ஒன்றுமில்லை என்று அவளே சொன்னாள், நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து எனக்குப் போக வேண்டியிருந்தது. போனேன். 'ஆண்கள்' என்று பலகை போட்ட கதவுக்கு முன்னால் ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"கொஞ்சம் இருங்க சார். உள்ள ஆள் இருக்கு."

"யாரு?"

"மல்லிகேஸ்வரி."

"இது ஆம்பளைங்களுதும்மா."

"தெரியும் சார். போர்டைப் படிச்சோம்."

"சாவி எங்கிட்டதானே இருக்கு? கேட்டிருக்கலாமே."

"கேக்க வந்தா சார். ஏழெட்டு ஆம்பளைங்க திரும்பிப் பாத்தாங்க, வந்துட்டா. வெளில முழங்கால் தண்ணி. வழுக்கி விழுந்தான்னா உங்க கட்டையா வந்து தூக்கும்?"

நின்றேன் சார். ஒரு கண்காணிப்பாளர், தன்னுடைய ஆபீசில், தன்னுடைய கழிப்பறைக்கு வெளியே, காலை மாற்றிக் காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். சர்க்கரைக்காரனுக்கு அது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாது. வயிற்றின் அடிப்பக்கம் கல்லாகிவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு ஒப்பந்தக்காரன் வராந்தாவில் போகிறான். "என்ன சார், க்யூவா?" என்று சிரித்துக்கொண்டே போகிறான். உள்ளே குழாய் சத்தம் கேட்கிறது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

இதில் பெருமாள்சாமி செய்த துரோகம் தனி. அவனைக் கூப்பிட்டு, "என்னய்யா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆட்சேபணை எழுதுவோம்" என்றேன். "எனக்கு எதுக்கு சார் அது? நான் வண்டிக்காரன், எங்க நிறுத்தினாலும் நமக்கு இடம்தான். அவங்க போகட்டும்" என்றான். தலையைச் சொறிந்துகொண்டு, "என் வீட்ல ரெண்டு பொட்டப்புள்ள சார்" என்றான். பொட்டப்பிள்ளை என் வீட்டிலும்தான் இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஜெசிந்தாவுக்கும் மல்லிகேஸ்வரிக்கும் குறிப்பாணை கொடுத்தேன். விளக்கம் கேட்டு. விளக்கம் வந்தது, 'ஆம், சென்றோம்' என்று ஒரே வரி. அடுத்த வாரம் பார்த்தால் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். எத்தனை பேருக்குக் குறிப்பாணை அடிப்பது? அடிக்கிற டைப்பிஸ்ட்டே போய்விட்டு வந்துதான் அடிக்கிறாள்.

அப்புறம் தொடங்கியது சார் அந்த வேலை. தண்ணீர் குடிப்பது.

ஒருநாள் காலையில் ஆபீசுக்குள் நுழைகிறேன், ஒவ்வொரு மேஜையிலும் ஒரு பாட்டில். சிவப்பு, நீலம், பச்சை. என் கண்ணெதிரே குடிக்கிறார்கள். கோப்பு எழுதிக்கொண்டே குடிக்கிறார்கள், போனில் பேசிக்கொண்டே குடிக்கிறார்கள். வைத்த கேன் மத்தியானத்துக்குள் காலி. இன்னொரு கேன் வாங்குகிறார்கள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஒரு பெண் அண்ணாந்து தண்ணீர் குடிப்பதில் என்ன அருவருப்பு என்பீர்கள். நீங்கள் பார்த்ததில்லை. அது தாகத்துக்குக் குடிப்பது இல்லை சார். என்னைப் பார்த்துக்கொண்டே குடிப்பது. என் சிக்கனத்தை, நான் கூட்டத்தில் கைதட்டு வாங்கிய சிக்கனத்தை, மடக் மடக்கென்று குடித்துத் தீர்ப்பது.

கடைசியில் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். சின்ன வயசு. ஆண் பிள்ளை, நம் பக்கம் பேசுவார் என்று கோப்பை எடுத்து வைத்தேன். புரட்டிப் பார்த்தார். தடியாக இருந்தது, நன்றாகத்தான் வளர்த்திருந்தேன். "இதுக்கா சார் தெளிவுரை கேட்டீங்க?" என்றார். பிறகு ஹாலைப் பார்த்து, "யார்கிட்டயாவது ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?" என்றார்.

யாரிடம் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பலகையைக் கழற்றினார்கள். நான் சேர்ந்த நாளிலிருந்து அங்கே இருந்த பலகை. அதன் பின்னால் சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம். அதன் மேல் 'பெண்கள்' வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அத்தனை பேரும் கைதட்டினார்கள். அதிகாரிக்கென்ன, அவர் ஆபீசில் அவர் அறைக்குள்ளேயே தனிக் கழிப்பறை இருக்கிறது.

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டிச் சேற்றில் கால் வைத்துப் போக வேண்டும். போனால் கதவுக்குத் தாழ்ப்பாள் விழாது. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எல்லாம் பார்க்க வேண்டும். யாராவது வந்துவிடப்போகிறார்களே என்று இருமிக்கொண்டே இருக்க வேண்டும். பல்பு கிடையாது. காம்பவுண்டுச் சுவரில் இருக்கிற ஓட்டை வழியாக டீக்கடைப் பையன்கள் எட்டிப் பார்க்கிறார்கள். மனிதன் போகிற இடமா சார் அது? தாழ்ப்பாள் இல்லை என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தியாவது என்னிடம் சொன்னாளா? எழுத்துமூலமாக ஒரு புகார் கிடையாது. இருந்திருந்தால் நடவடிக்கை எடுத்திருக்க மாட்டேனா?

அதைவிடக் கேவலம் அந்தச் சாவி. கட்டையைத் தூக்கிக்கொண்டு ஹாலைக் கடந்து போக வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு தலை நிமிரும். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஜெசிந்தா மட்டும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், பிறகு கடிகாரத்தை ஒரு பார்வை. கட்டையில் 'பெண்கள்' என்று நான் எழுதியது அப்படியே இருக்கிறது. பெயிண்ட் நல்ல பெயிண்ட், சுரண்டினாலும் போகவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆபீசில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். காலையில் வீட்டில் ஒரு டம்ளர், அப்புறம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். மத்தியானத்துக்கு மேல் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தலை கிறுகிறுக்கிறது. போன வாரம் நீர்க்கடுப்பு வந்து இரண்டு நாள் துடித்துவிட்டேன். ஒரு மனிதனை இன்னொரு மனிதன் நடத்துகிற விதமா சார் இது? தண்ணீர் குடிக்க முடியாமல் ஒருத்தனை உட்காரவைத்து வேலை வாங்குவது எந்த நியாயத்தில் சேர்த்தி? எனக்கு ஓய்வு வரப்போகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவேன். ஆனால் மனசு ஆறவில்லை. இவர்களுக்கு அம்மா அப்பா இல்லையா? வீட்டில் யாருக்கும் நோய் நொடி வந்ததில்லையா?

இருங்கள், போன் அடிக்கிறது. வீட்டுக்காரிதான்.

ம், சொல்லு. பஸ்ல வந்துட்டிருக்கேன். ஸ்கேன் ஆச்சா? ம். ம். தழும்பா? எந்தப் பக்கம்? ரெண்டுலயுமா? சத்தமா சொல்லு, கேக்கல. அடக்கி வெச்சு அடக்கி வெச்சா? என்ன சொல்றே? சரி, அவகிட்ட குடு. ரஞ்சனி, என்னம்மா இது? மணிக்கொரு தடவை தண்ணி குடிக்கணும்னு டாக்டரம்மா போன தடவையே சொன்னாங்கல்ல? தண்ணி குடிக்கக்கூடவா சோம்பேறித்தனம்? என்ன? என்ன எப்படிக் குடிக்கறது? ஏன், அங்க கேன் வெக்கலையா? ஹலோ. ஹலோ.

அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அம்மா வைத்துவிட்டாள்.

ஒரு கிட்னி சுருங்கிவிட்டதாம். இன்னொன்றிலும் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறதாம். இருபத்தேழு வயசு சார். தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வேன்? கேட்டால், ஆபீஸ்ல எப்படிப்பா குடிக்கறது என்கிறாள். எப்படிக் குடிப்பது என்றால் என்ன அர்த்தம்? டம்ளரில் குடிப்பது. தாயும் மகளும் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள். போன தடவை ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் இப்படித்தான். ஏன் குடிக்க மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். அவள் அம்மா முகத்தைப் பார்த்தாள், அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அதோடு சரி.

ஆபீஸ் சரியில்லை என்று அவள் சொல்ல முடியாது சார். அங்கே யார் கண்காணிப்பாளர்? பொன்னுரங்கம். சொன்னேனே, என் சிநேகிதன். பெண் பிள்ளை, தெரிந்த இடமாக இருக்கட்டும் என்று நான்தான் அலைந்து அவளை அங்கே போடவைத்தேன். கட்டுப்பாடான ஆபீஸ். போன தீபாவளிக்குக்கூட அவனே போன் பண்ணினான். "உன் யோசனை பிரமாதமா வேலை செய்யுதுய்யா. ஒருத்தி சீட்டை விட்டு அசையறதில்ல. கட்டை மட்டும் உன்னோடதைவிடப் பெருசாப் போட்டிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தான். உன் பொண்ணு தங்கமான பொண்ணு, வந்து சாவி கேட்டதே இல்லை என்றான். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அப்படி ஒரு இடத்தில் இருந்துகொண்டு இவளுக்கு என்ன கேடு, நீங்களே சொல்லுங்கள்.

கண்டக்டர், அந்தப் புளியமரத்துக்கிட்ட ஒரு நிமிஷம் நிறுத்துப்பா. சர்க்கரைக்காரன், அவசரம்.

பார்த்தீர்களா, ஒரு வார்த்தை கேட்காமல் ஓரம் கட்டிவிட்டான். நாட்டில் இன்னும் மனிதத்தன்மை இருக்கிறது. நாலைந்து பேர் இறங்குகிறார்கள், நீங்களும் வாருங்கள் சார், அப்புறம் சேலம் வரைக்கும் எங்கேயும் நிற்காது. அம்மா இருக்கட்டும், பையைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஏறியதிலிருந்து கவனிக்கிறேன் சார், அந்தப் பாட்டிலை அம்மா தொடவே இல்லை. வெயில் இப்படிக் கொளுத்துகிறது, உதடெல்லாம் வெடித்திருக்கிறது, ஒரு வாய் கேட்கவில்லையே. வளர்ப்பு சார். வேறு ஒன்றுமில்லை, வளர்ப்பு.